முத்துக்கரையில் கேட்ட திருநாமம்: சவேரியார் கடிதமும் வியாக்யான நோக்கும்

1544-ஆம் ஆண்டு சனவரி 15-ஆம் நாள், பிரான்சிஸ் சவேரியார் கொச்சியிலிருந்து ரோமாபுரியிலிருந்த தம் சபைத் துறவியர்க்கு விரிவான கடிதம் ஒன்று எழுதினார். 1542-இன் இறுதிப்பகுதி முதல் தூத்துக்குடியை நடுவாகக் கொண்ட முத்துக்குளித்துறையில் தாம் ஆற்றிய பணியை அதில் அவர் விவரிக்கிறார். பரதவச் சிறுவர்க்குத் தமிழில் ஜபங்களை நெட்டுருப் பண்ணுவித்த முறையும், ஊர் ஊராகச் சென்று ஞானஸ்நானம் அளித்த செய்தியும் அதில் உள்ளன. அவற்றினிடையே ஸ்ரீவைஷ்ணவ வாசகர் நின்று நோக்கவேண்டிய பகுதி ஒன்றும் உண்டு.

அக்கரையில் கற்றறிந்த அந்தணர் ஒருவரை மட்டுமே கண்டதாகச் சவேரியார் கூறுகிறார். தாம் பயின்ற கல்விச்சாலையில், வெளியிடுவதில்லை என்று மாணாக்கரிடம் ஆணை பெற்ற பின்னரே ஆசிரியர்கள் சில ரஹஸ்யங்களை உபதேசிப்பர் என்று அவ்வந்தணர் தனிமையில் தெரிவித்தாராம். வானும் மண்ணும் படைத்த பரம்பொருள் ஒன்றே, வழிபடத்தக்கது அதுவேயன்றி விக்ரஹங்கள் அல்ல என்பதே அந்த ரஹஸ்யம் என்கிறது கடிதம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் பலமுறை உருவிடும் ஜபம் ஒன்றையும் சவேரியார் தம் காதில் விழுந்தவாறே எழுதிவைத்தார். எழுத்துச் சிதைவை நீக்கிப் பார்த்தால் பிரணவம், திரு, நாராயண நாமம், நமஸ் என்னும் நான்கும் அதே வரிசையில் புலப்படுகின்றன. இறைவனை அவனுடைய அருளாலும் துணையாலும் என்றென்றும் வணங்குதல் என்பது அதற்கு அவர் தரும் பொருள். ஆணை முறியாதிருக்கும்பொருட்டு அதனை மிக மெல்லிய குரலில் சொல்வர் என்றும் குறிக்கிறார்.

இப்பகுதியை இருவகையாகக் கையாள இடமுண்டு. அந்தணர் தம் வழிபாடு பொய்யென்று உள்ளூர அறிந்திருந்தனர் என்பதற்கு இதனைச் சான்றாக்குவது ஒன்று. சவேரியாரும் நாராயண பரத்துவத்தைக் கேட்டறிந்தார் என்று மகிழ்ந்து அவ்வளவில் அமைவது மற்றொன்று. இரண்டும் கடிதத்தைப் படிப்பதற்கு முன்பே முடிவு செய்துகொண்ட வழிகள். சொன்னவர் யார், கேட்டவர் யார், இடையில் நின்ற மொழி எது என்ற வினாக்கள் இரண்டிலும் எழுவதில்லை.

அண்மைக்கால வரலாற்றாய்வு இவ்வினாக்களை எழுப்பக் கற்றுத்தந்தது. 1952-இல் எஸ். அருணாசலம் எழுதி அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழகக் கடற்கரை முத்துக்குளிப்பு வரலாறு, பாண்டியர் முதல் ஆங்கிலேயர் வரை முத்துச்சலாபத்தை யார் ஆண்டனர் என்பதைத் தொகுத்துரைத்தது. 1989-இல் வெளிவந்த சூசன் பெய்லியின் நூல் மக்களை நோக்கித் திரும்பியது. 1530-களில் திருமுழுக்குப் பெற்ற பரதவரின் சமயம் மேலே போர்த்த அயல்நாட்டுப் போர்வையன்று. சாதித் தலைவரின் மதிப்பிலும் பனிமய மாதா திருவிழாவிலும் ஊன்றி இம்மண்ணிலேயே உருக்கொண்டது என்று அது காட்டியது. சஞ்சய் சுப்ரமணியம் 1997-இல் எழுதிய ‘இணைந்த வரலாறுகள்’ என்னும் கட்டுரை எல்லையை மேலும் விரித்தது. சரக்கும் படையும் மட்டுமன்றி எண்ணங்களும் எதிர்பார்ப்புகளும் கடல் கடந்து உலவின என்பது அதன் துணிபு. எல்லாரும் ஒரே நெறியில் வாழும் காலம் வருமென்று தங்கள் நூல்கள் கூறுவதாக அவ்வந்தணர் சொன்னதும் சவேரியார் கடிதத்தில் உள்ளது. அச்செய்திக்கு இக்கட்டுரையின் வெளிச்சம் பயன்படும். 2005-இல் இனெஸ் ஜுபானோவ் எழுதிய நூலோ, பாதிரிமார் கடிதங்கள் ஐரோப்பிய வாசகரை மனத்திற்கொண்டு இயற்றப்பட்டவை என்பதை மறவாதிருக்கக் கற்பித்தது. இக்கடிதமே மறு ஆண்டில் பாரிசில் பிரெஞ்சு மொழியில் அச்சேறியது.

இவற்றால் விளைந்த நன்மை பெரிது. ஆயினும் ஒரு குறை எஞ்சுகிறது. இவ்வாய்வுகள் பெரிதும் போர்ச்சுக்கீசிய, டச்சு, ஆங்கில ஆவணங்களையே சார்ந்து நிற்பவை. கடிதம் எழுதியவரின் இறையியல் அவற்றில் நுணுகி ஆராயப்படும். அவரோடு பேசியவரின் சாத்திரக் கல்வி ‘அந்தணர் கூற்று’ என்ற அளவில் கடந்து செல்லப்படும். உரையாடல் என்று பெயரிட்ட பின் ஒருபக்கத்துப் பேச்சை மட்டும் செவிகொடுத்துக் கேட்பது போதுமா? மறுபக்கத்தைக் கேட்க வியாக்யானங்கள் உதவும்.

முதலில் சொல்வடிவம். திருவஷ்டாக்ஷரத்தில் பிரணவத்தை அடுத்து நமஸ் நடுவே நிற்கும்; நாராயண பதம் நான்காம் வேற்றுமை ஏற்று இறுதியில் வரும். கடிதத்திலுள்ள வரிசை அதுவன்று. திருச்சொல் முன்வர, நமஸ் இறுதியில் நிற்கிறது. திருவை முன்னிட்டமையால் த்வயத்தின் பிற்பகுதியை நினைவூட்டுகிறதேயன்றி அதுவும் முழுமையாக இல்லை. கேட்டவர் செவியில் வரிசை பிறழ்ந்திருக்கலாம். அல்லது ஆணைக்குட்பட்ட அவ்வந்தணர் மந்திரத்தை வெளியிடாமல், யாவரும் சொல்லத்தக்க நாமஸங்கீர்த்தன வடிவம் ஒன்றையே சொல்லியிருக்கலாம். பின்னது உண்மையாயின், ரஹஸ்யம் வெளிப்பட்டதாகச் சவேரியார் எழுதிய அவ்விடத்திலேயே அது காக்கப்பட்டிருக்கிறது. ரஹஸ்யத்ரயத்தின் அமைப்பை அறியாதவர்க்கு இவ்வையம் தோன்றவும் வழியில்லை.

அடுத்தது பொருள். அருள், துணை என்ற இரண்டும் அச்சொற்றொடரின் நேர்ப்பொருளில் இல்லை. நமஸ் என்பதற்கு ‘வணக்கம்’ என்பதே அகராதி கண்ட பொருள். தான் தனக்குரியன் அல்லன் என்ற விலக்கும், எம்பெருமானே உபாயம் என்ற துணிவும் அப்பதத்தில் அடங்குமென்று விரித்தவர்கள் பூர்வாசார்யர்கள். பிள்ளை லோகாசார்யரின் முமுக்ஷுப்படியும் வேதாந்த தேசிகரின் ரஹஸ்யத்ரயஸாரமும் இதனைத் தத்தம் வழியில் நிறுவுகின்றன. திருச்சொல்லில் பிராட்டியின் புருஷகாரத்தையும் அவர்கள் காட்டினர். ஆகவே சவேரியார் செவியில் விழுந்தது ஒரு மொழிபெயர்ப்பன்று, உரைமரபின் நிழல் படிந்த ஒரு விளக்கம் என்று கருத இடமுண்டு.

இவ்விடத்தில் நிதானம் வேண்டும். அருளும் துணையும் கத்தோலிக்க ஜபங்களில் நாளும் பயிலும் சொற்கள். அவை எழுதியவர் நாவிலிருந்தும் வந்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை என்ற குறிப்பில் கிறிஸ்தவ வழக்கத்தின் சாயல் தெரிகிறது. விக்ரஹங்களை இகழும் பகுதியோ அர்ச்சாவதாரத்தை எளிமையின் எல்லையாகப் போற்றும் மரபினர் வாயில் வரத்தக்கதன்று. அவ்வந்தணர் ஸ்ரீவைஷ்ணவர்தாம் என்று துணியவும் கடிதத்தில் ஆதாரம் இல்லை. ஒரே வாக்கியத்திற்கு இரண்டு ஆசார்யர்களின் நிர்வாஹங்களை அருகருகே வைத்து, ஒன்றை மற்றொன்றால் அழிக்காமல் விடுவது ஈட்டில் கண்ட முறை. இருவர் குரல் கலந்த இக்கடிதத்திற்கும் அம்முறையே பொருந்தும். ஆனால் வியாக்யானத்தின் நோக்கம் பகவதநுபவம்; காலநிர்ணயம் அன்று. அதனை வரலாற்றுக் கருவியாக ஆள்வோர் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

மந்திரம் என்ற சொல்லுக்கு அக்கரையில் வேறொரு வாழ்வும் இருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடல்வழியே சென்ற மார்க்கோ போலோ, முத்துக்குளிக்கும் நாள்களில் சுறாக்களைக் கட்டும் அந்தணர்க்கு எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு அளிக்கப்பட்டதாகக் குறித்தார். 1859-இல் இலங்கை பற்றி நூல் எழுதிய எமர்சன் டென்னென்ட், மன்னார்ச் சலாபத்தில் கடல்கட்டி என்னும் அப்பணி பரம்பரையாக வருவதையும், அப்போதைய குடும்பத் தலைவர் கத்தோலிக்கர் என்பதையும், அதனால் குளிப்போர் நம்பிக்கை குறையவில்லை என்பதையும் பதிவு செய்தார். சமயம் மாறியும் பணி மாறவில்லை. கல்லைக் காலிற்கட்டி ஆழத்தில் இறங்கியவனுக்கு மந்திரம் உயிர்க்காவல். உரையாசிரியர்க்கோ அது பொருளுணர்ந்து தரிக்கவேண்டிய தத்துவம். முத்துக்கரையில் திருநாமம் ஒலித்ததைப் பேசுவோர் இவ்விரு கேள்வியரையும் கணக்கிற்கொள்ள வேண்டும்.

இறுதியாக, ஸ்ரீவைஷ்ணவ உலகம் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்று உண்டு. அவ்வந்தணர் கிறிஸ்தவ நெறியின் சாரத்தைத் தமக்குச் சொல்லுமாறும், அதை மறைவாகக் காப்பதாகவும் சவேரியாரிடம் கூறினார். மறைக்காதிருப்பதாக வாக்களித்தாலன்றிச் சொல்வதில்லை என்று அவர் மறுத்தார். திருக்கோட்டியூரில் உடையவர் ஆணையைக் கடந்து வெளியிட்ட ஐதிஹ்யத்தை ஓதும் செவிகளுக்கு இது அந்நியமான பேச்சன்று. அன்று வெளியிடப்பட்டது திருமந்திரார்த்தமோ சரமசுலோகார்த்தமோ என்பதில் வேறுபாடு இருப்பினும், ஆசையுடையார்க்கெல்லாம் வழங்கியதில் வேறுபாடில்லை. அவ்வாறிருக்க, ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின், நம்மாழ்வார் அவதரித்த திருக்குருகூரைத் தழுவிவரும் தாமிரபரணி கடல்சேரும் கரையில், திருநாமம் மெல்லிய குரலில் ஒளித்துச் சொல்லப்பட்டது. சிறுவர் தெருவில் உரக்கச் சொன்ன தமிழ் ஜபமோ வேறாயிருந்தது. கோயிலுக்கு முத்தும் சங்கும் எடுத்துத் தந்த கைகள் அத்திருநாமத்திற்கு எவ்வளவு அருகில் இருந்தன? ஆசார்ய ஹ்ருதயம் கற்றவர்க்கு இவ்வினா எளிதில் கடக்கத்தக்கதன்று.

விடை காண்பதற்கு ஐரோப்பிய ஆவணக்களரிகள் மட்டும் போதா. வியாக்யானங்கள் மட்டும் போதா. நவதிருப்பதிக் கோயில்களின் கல்வெட்டுகளும், தாமிரபரணிக்கரைத் திருமாளிகைகளின் ஓலைச்சுவடிகளும், பரதவர் வீடுகளில் வழங்கும் வாய்மொழி வழக்குகளும் ஒருங்கே படிக்கப்பட வேண்டும். சவேரியார் கடிதங்களின் திருந்திய மூலப்பதிப்பு 1944-45-இலேயே ரோமாபுரியில் வெளிவந்துவிட்டது. அந்தச் சிறு பகுதிக்கு ரஹஸ்ய நூல்களில் வல்லார் ஒருவர் அவதாரிகையும் உரையும் வரைவது, இம்முயற்சிக்கு ஏற்ற முதற்படியாகும்.