ரிவர்சின் ‘தோடர்’ நூலும் ஆய்வறமும்

இலக்கிய ஆராய்ச்சிக்கு மானிடவியல் துணைபுரியும் என்பதை இன்று மறுப்பார் இலர். முல்லைநில ஆயர் வாழ்வை விளக்கப் புகுவோர்க்கு நீலகிரித் தோடரின் வழக்கங்கள் நினைவிற்கு வருதல் இயல்பே. ஆயின், பிற துறையினின்று செய்தியைக் கடன் கொள்வோர் அது எவ்வாறு பெறப்பட்டது என வினவுதல் வேண்டும். அவ்வினா அளவையியலை மட்டுமன்றி அறவியலையும் சார்ந்ததாகும். ரிவர்ஸ் 1906ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘தோடர்’ என்னும் ஆங்கில நூலைக் கொண்டு ஈண்டு இதனை ஆராய்வோம்.

மருத்துவமும் உளவியலும் கற்ற ரிவர்ஸ் 1901-02இல் நீலகிரியில் தங்கிச் செய்தி திரட்டினார். தோட மொழி அறியாமையின் மொழிபெயர்ப்பாளர் வாயிலாகவே வினவினார். அக்குறையை ஈடுசெய்யப் பலரைத் தனித்தனியே உசாவி, அவர்தம் கூற்றுகளை ஒப்பிட்டு நோக்கினார். இம்முறை போற்றத்தக்கது. எருமைகளையும் புனிதப் பால்மனைகளையும் சூழ்ந்த சடங்குகளை அந்நூல் நுணுகி விரித்துரைக்கின்றது.

அந்நூலின் தலையாய சிறப்பு குடிவழிப் பட்டியல்களாகும். ஆனால் இறந்த தம் முன்னோரின் பெயரைச் சொல்லலாகாது என்பது தோடர் மரபு. ரிவர்ஸ் இதனை அறிந்தே, ஒரு குடும்பத்தாரின் வழிமுறையைப் பிற குடும்பத்தாரிடம் கேட்டறிந்தார். அறிவுத் துறையில் இது நுண்ணிய உத்தி. அறத்துறையிலோ விலக்கப்பட்டதைப் பக்க வழியாற் பெறுதலாகும்.

மற்றொரு செய்தியும் கருதற்பாலது. அவருக்கு மறைபொருள்களை உரைத்தவர் சிலர்க்கு அக்காலத்தே இடர்கள் நேர்ந்தன. ஒருவர் நோயுற்றார், ஒருவர் மனைவியை இழந்தார், மற்றொருவரின் ஊர்ப் பால்மனை எரியுண்டது. அயலானுக்கு மறைகளை வெளியிட்டமையால் தெய்வங்கள் வெகுண்டன எனக் குறிசொல்வோர் கூறினர். அதன்பின் செய்தி கிடைத்தல் அரிதாயிற்று. இவற்றை மறையாது தம் நூலிலேயே எழுதிய ரிவர்சின் நேர்மை பாராட்டிற்குரியது. எனினும், நேர்மையாக எழுதுதல் வேறு, பொறுப்பேற்றல் வேறு.

அவ்விடர்கள் தற்செயலாக நேர்ந்தனவே அன்றோ எனின், நோய்க்கும் தீக்கும் ஆராய்ச்சி காரணமன்று என்பது உண்மையே. ஆயினும், செய்தி அளித்தவர் உற்ற அச்சமும், தம் சுற்றத்தாரிடை அவர் எய்திய பழியும் உண்மையானவை. அவற்றிற்கு ஆராய்ச்சி காரணமன்று எனல் இயலாது. அவர் எழுதாதிருப்பின் அச்செய்திகள் அழிந்திருக்குமே என்பாரும் உளர். பயனை நோக்கி அறத்தை அளக்கும் கொள்கையினர்க்கு இது போதிய விடையாகலாம். ஆயின் பயன் நூலகத்தைச் சேர, துன்பம் மலைவாழ்நரைச் சேருமாயின் அவ்வளவை நடுவுநிலைமை உடையதாகாது. மாந்தரை ஒருபோதும் வெறுங் கருவியாகக் கொள்ளாது குறிக்கோளாகவும் கொள்ளல் வேண்டும் என 1785இல் காண்ட் வகுத்த நெறியே ஈண்டுப் பொருந்துவது.

இந்நெறி இலக்கிய ஆராய்ச்சியையும் கட்டுப்படுத்தும். வாழும் மக்களை நம் பழமைக்குச் சான்று என்ற அளவில் மட்டும் நோக்குவதும் அவரைக் கருவியாக்குதலே. தோடர் எருமை பேணுவோர். தமக்கெனத் தனி மொழியும் பாட்டு மரபும் உடையோர். 1930களில் அம்மொழியைப் பயின்று ஆராய்ந்த எமனோ 1971இல் வெளியிட்ட தோடர் பாடல் தொகுப்பு, மூவசை அலகுகள் இணையிணையாக அடுக்கிவரும் செறிந்த யாப்பைக் காட்டுகின்றது. அப்பாடல்களைப் பாடல்களாகக் கற்காது, முல்லைத்திணைக்கு அடிக்குறிப்பாக மட்டும் பயன்படுத்துவது ஆராய்ச்சிக்கும் இழுக்கு, அறத்திற்கும் இழுக்கு.

ஆகவே ரிவர்சின் நூலை விலக்குக என்பது நம் கருத்தன்று. அதனை மேற்கோள் காட்டுவோர், செய்தியோடு அது பெறப்பட்ட வழியையும் உடன் கூறுக என்பதே நாம் வேண்டுவது. மறைத்துக் காக்கப்பட்டவற்றை எடுத்தாளுமுன், அவை தம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதனவா என எண்ணுதலும் கடமையாகும். சான்றின் வலிமையை ஆராய்வது போன்றே, சான்று கூறியவர்க்கு நாம் பட்ட கடனை ஆராய்வதும் ஆய்வின் ஒரு பகுதியே எனக் கொள்ளத் தகும்.