ஒப்புமையும் உறவும்

திராவிட மொழிகளுக்கும் ஃபின்னிய–உக்கிரிய மொழிகளுக்கும் உறவுண்டு என்னும் கருத்து நம் மொழிநூல் மாணவர்க்குப் புதிதன்று. 1856 ஆம் ஆண்டில் வெளிவந்த தம் ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல் இதனை விரித்துரைத்தார். துருக்கியம், மங்கோலியம் முதலியவற்றோடு ஃபின்னிய இனத்தையும் ‘சித்தியம்’ என்னும் பெருந்தொகுதியுள் அடக்கி, அதனோடு தமிழினத்தைச் சார்த்தினார். சைபீரியாவில் வழங்கும் ஓசுதியாக்கு மொழியைத் தனித்துச் சுட்டவும் செய்தார். அன்று தொட்டு இக்கருத்து நம் கட்டுரைகளில் முடிந்த முடிபு போலவே பலகாலும் எடுத்தாளப்படுகின்றது. அஃது எத்துணை உறுதியுடையது என்பதையும், அம்மொழிகளைப் பயிலும் இளைஞர்தம் மாநாடு நமக்கு உணர்த்துவது யாது என்பதையும் ஈண்டு ஆராய்வாம்.

ஃபின்னிய–உக்கிரிய மாணவர் அனைத்துலக மாநாடு 1984 ஆம் ஆண்டு செருமானிய நாட்டுக் கோட்டிங்கன் நகரில் முதற்கண் கூடியது. பின்னர் நகர்தோறும் மாறிமாறிக் கூடி வருகின்றது. அறிஞர் பேரவை 1960 இலேயே புடாபெசுத்தில் தொடங்கியதாயினும், மாணவரே மாணவர்க்கு ஆய்வுரை வழங்குவது இம்மாநாட்டின் தனிச்சிறப்பு. அங்கேரியத்திற்கும் ஃபின்னியத்திற்கும் உள்ள உறவை இலக்கண நெறியால் காட்டிய கியார்மத்தியின் நூல் 1799 இல் வெளிவந்ததும் இக்கோட்டிங்கனிலேயே. தென்னிந்திய மொழிகள் ஓரினத்தன என்று எல்லிசு எழுதியது 1816 இல். ஆகவே இவ்விரு மொழிநூல் துறைகளும் ஏறத்தாழ ஒரே காலத்துப் பிறந்த உடன்பிறப்புக்கள் எனலாம்.

கால்டுவெல் ஒப்புமை கண்டது வியப்பன்று. இரு திறத்து மொழிகளிலும் பகுதியின்பின் ஒட்டுக்கள் ஒன்றன்பின் ஒன்றாய் அடுக்கி வருகின்றன. வேற்றுமைப் பொருள் சொல்லின் இறுதியில் நிற்கின்றது. எதிர்மறை வினை இன்னும் கருதத்தக்கது. தமிழில் செல்லேன், செல்லாய், செல்லான் என எதிர்மறையே இடத்துக்கேற்பத் திரியும். ஃபின்னியத்திலும் ‘என் மெனெ’, ‘எத் மெனெ’, ‘எய் மெனெ’ என முறையே தன்மை, முன்னிலை, படர்க்கை ஒருமைகளில் எதிர்மறைச் சொல் திரிகின்றது. ஆயினும் நுணுகி நோக்கின் வேறுபாடு புலனாம். தமிழில் எதிர்மறைப் பொருள் வினையினுள்ளேயே அடங்கும். ஃபின்னியத்திலோ அது தனித்ததொரு துணைவினையாய் முன்னின்று இடம் உணர்த்த, தலைமை வினை திரிபின்றி நிற்கும். பொருள் ஒன்று, அமைப்பு வேறு. மேலும், ஒட்டுநிலை துருக்கியத்திலும் உண்டு, சப்பானியத்திலும் உண்டு. அஃது ஒன்றே கொண்டு குடிவழி கூறுதல் அமையாது.

சொல்லொப்புமையோ இதனினும் வழுக்குமிடம். ஃபின்னியத்தில் ‘கிவி’ என்பது கல். கன்னடத்தில் ‘கிவி’ என்பது காது. ஒலி முற்றும் ஒத்தும் உறவு சிறிதும் இல்லை. தமிழ் ‘செவி’யோ ஒலியால் வேறுபட்டும் கன்னடக் ‘கிவி’க்கு உடன்பிறப்பே. செம்மை, கெம்பு என்பனவும் இவ்வாறே. இ, எ முதலிய உயிர்களின் முன் மொழிமுதல் ககரம் தமிழில் சகரமாதல் விதி. அவ்வுயிரை அடுத்து நாமடி மெய் வரின் ககரம் திரியாது. கிளி, கெடு, கேள் என்பன காண்க. விலக்குங்கூட விதியொடு நிற்றலே உறவின் சான்று என்க.

‘கை’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். ஃபின்னியத்தில் கையைக் ‘கெசி’ என்ப. அதன் முதலுயிர் அகரத்துக்கும் எகரத்துக்கும் இடைப்பட்டது. இதனைக் கண்டவுடன் நம் மாணவர் மகிழ்தல் இயல்பு. ஆனால் அச்சொல்லின் சகரம் பிற்காலத் திரிபு. வேற்றுமை உருபு ஏற்குங்கால் ‘கெதெனெ’ (கையாக) எனப் பழைய தகரம் வெளிப்படும். அங்கேரியத்தில் அதுவே ‘கேஸ்’. நீரைக் குறிக்கும் ஃபின்னிய ‘வெசி’யும் அங்கேரிய ‘வீஸ்’ஸும் இவ்வாறே இயைகின்றன. எனவே அவ்வினத்தின் மூலவடிவம் ‘கெதெ’ போல்வது. நம் பக்கத்திலோ தமிழ் ‘கை’, தெலுங்குச் ‘சேயி’ ஆகியவற்றால் பெறப்படும் மூலம் ‘கய்’. இனி வினா யகரத்திற்கும் தகரத்திற்கும் இடைப்பட்டது. அவை இயைவதற்கு வேறு சொற்களில் சான்றுண்டா? தொடர்ந்து வரும் சான்று காட்டப்படாதவரை இஃது ஒப்புமையே, உறவு ஆகாது.

மேற்கூறிய ககர–சகர விதியை 1943 இல் தெளிவுற ஆராய்ந்தவர் பரோ. அவரே அடுத்த ஆண்டில், உடலுறுப்புப் பெயர்களைக் கொண்டு திராவிடத்தையும் உராலியத்தையும் ஒப்பிட்டுக் கட்டுரை வரைந்தார். உராலியம் என்பது ஃபின்னிய–உக்கிரியத்தைத் தன்னுள் கொண்ட பேரினம். புலமை ஒன்றே, கட்டுரைகளின் வாழ்வோ வேறு. முன்னது திராவிட மொழிநூலின் அடிப்படைகளுள் ஒன்றாய் நிலைத்தது. பின்னது ஏற்பாரும் மறுப்பாருமாய்க் கருதுகோளாகவே நின்றுவிட்டது. 1968 இல் டைலர் மேலும் பல சொற்களைத் தொகுத்து ஒலியியைபும் காட்ட முயன்றார். எனினும் இவ்வுறவு நிறுவப்பெற்றதாகப் பெரும்பாலான அறிஞர் கொள்ளவில்லை; 2003 இல் வெளிவந்த பத்திரிராசு கிருட்டிணமூர்த்தியின் பெருநூலும் அதனை ஏற்கவில்லை. பட்டியலை விதி வென்றது என்பதே இதன் பாடம்.

ஃபின்னிய–உக்கிரிய மாணவர் நமக்கு வழிகாட்டுவதும் இவ்விடத்தேதான். அவர்தம் துறை அங்கேரியம், ஃபின்னியம், எசுதோனியம் என்னும் அரசுடை மொழிகளோடு நின்றுவிடவில்லை; மாரி, உத்மூர்த்து, கோமி, சாமி முதலிய சிறுமொழிகளும் அதன் உயிர்நிலை. கையைக் குறிக்கும் சொல்லின் வரலாறு இச்சிறுமொழிகளின் சான்றாலும் உறுதிபெற்றது. லிவோனியத்தைத் தாய்மொழியாகக் கொண்டிருந்த இறுதியானவர் 2013 இல் கனடாவில் மறைந்தார். இத்தகைய இழப்பை அறிந்த துறையில் தொகுப்புப் பணி காத்திருக்க இயலாது. நம்மினத்திலும் தோடம், கோத்தம், கோலாமி, பர்சி, குடுக்கு, மால்தோ, பிராகுவி என்பன உள. 1935 முதல் நீலகிரியில் தங்கி எமனோ தொகுத்த மலைமொழிச் சொற்கள் இன்றி, 1961 இல் அவரும் பரோவும் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பகராதி அந்நிறைவு பெற்றிராது. ஆயினும் நம் தமிழ்த்துறைகளில் இம்மொழிகளுள் ஒன்றையேனும் கற்று ஆய்வார் அரியர். தொலைவிலுள்ள ஓசுதியாக்கை உறவென்போம். அண்மையிலுள்ள கோத்தத்தை அறியோம். இதுவே குறை.

தொடக்கம் கடினமன்று. நாமகிரிப்பேட்டையைச் சூழ்ந்த சேலம்–நாமக்கல் நிலப்பகுதியில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் இல்லமொழியாய் வழங்குகின்றன. அவ்வில்லங்களிலிருந்து முதுகலை பயில வரும் மாணவர், செவி–கிவி இயைபை நூலில் கற்குமுன்பே நாவில் உடையவர். அவ்வூர் மஞ்சள் சந்தையில் வழங்கும் விரலி, உருண்டை, பனங்காளி என்னும் வகைப்பெயர்களையும், கொல்லிமலை மக்களின் பேச்சையும் முறையாகக் குறித்து வருவதற்குப் பெரும்பொருள் வேண்டா. செவியும் ஏடும் பொறுமையும் போதும். திசைச்சொல்லையும் செய்யுட்குரிய சொல்வகையுள் ஒன்றாக வைத்த தொல்காப்பியர் வழிவந்தோர்க்கு இது புறம்பான பணியும் அன்று.

தமிழின் பெருமை வடபுலத்து மொழிகளோடு உறவு கொண்டாடுவதால் வளர்வதன்று. அவ்வுறவு பொய்ப்பின் குறைவதும் அன்று. உறவு உண்டாயின் அதனை நிறுவுதற்கும், இன்றாயின் துணிந்து விடுத்தற்கும் வேண்டுவது ஒன்றே. அது நம் மொழிகள் அனைத்தின் சொற்களையும் முதலில் நாமே திரட்டி, விதி காணுதல். அத்தொகையோடு நம் மாணவரும் தம்முள் ஆண்டுதோறும் கூடி ஆராய்வாராயின், கால்டுவெல் எழுப்பிய வினாவிற்கு விடை கூறும் தகுதி நமக்கு வாய்க்கும்.