காற்றாலை மின்சாரமும் பேங்கிங் முறையும்: ஒரு மதிப்பீடு

தமிழ்நாட்டில் காற்றாலைகள் பெருகியதை இயற்கையின் கொடையாகவே காண்பது வழக்கம். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய இடங்களில் அமைந்த கணவாய்கள் தென்மேற்குப் பருவக்காற்றை ஒடுக்கி, விரைவுபடுத்தி, கிழக்கே உள்ள சமவெளிக்குள் செலுத்துகின்றன என்பது உண்மையே. ஆயினும், 1986-இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் அரசு செயல்விளக்கக் காற்றாலைகளை நிறுவியபின், கோயம்புத்தூர், திருப்பூர், இராஜபாளையம் வட்டாரங்களின் ஆலை முதலாளிகள் தம் பணத்தை முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் கொண்டுவந்து முதலீடு செய்ததற்குக் கொள்கை சார்ந்த காரணங்கள் இரண்டு உண்டு. காற்றாலையின் விலையை விரைவான தேய்மானமாகக் கணக்கில் காட்டி வருமான வரியைக் குறைத்துக்கொள்ள மத்திய அரசு அளித்த சலுகை அவற்றுள் ஒன்று. அது 2017-இல் 80 விழுக்காட்டிலிருந்து 40 விழுக்காடாகக் குறைக்கப்பட்டுவிட்டது. மற்றொன்று, தொழில்துறையினர் பேங்கிங் என வழங்கும் ஏற்பாடு. தமிழ்நாட்டின் காற்றாலைத் துறையை வளர்த்ததும், இன்று அதன் அடுத்த கட்ட வளர்ச்சியைத் தடுத்து நிறுத்துவதும் இந்த இரண்டாவது ஏற்பாடே என்பதால், அது நுணுகி ஆராயத்தக்கது.

திருப்பூரில் ஆலையும் முப்பந்தலில் காற்றாலையும் வைத்திருக்கும் ஒரு நிறுவனம், காற்றாலை தரும் மின்சாரத்தை மின்வாரியத்தின் தொகுப்பில் செலுத்துகிறது. வாரியம் அதே அளவு யூனிட்டுகளை ஆலையின் மின்கட்டணத்தில் கழித்துக்கொள்கிறது. ஆலையின் தேவைக்கு மேல் உற்பத்தியாகும் யூனிட்டுகள் நிறுவனத்தின் கணக்கில் வைக்கப்பட்டு, நிதியாண்டு முடியும் மார்ச் 31 வரை எந்த மாதத்தில் வேண்டுமானாலும் ஈடுசெய்யப்படுகின்றன. இவ்வாறு கணக்கில் வைத்திருப்பதற்கான கூலியாக, அந்த யூனிட்டுகளில் ஒரு பங்கை வாரியம் எடுத்துக்கொள்கிறது. ஒரு காலத்தில் 5 விழுக்காடாக இருந்த இக்கழிவு, பின்னர் படிப்படியாக 14 விழுக்காடு வரை உயர்த்தப்பட்டது.

இத்தகைய ஏற்பாடு ஏன் தேவைப்பட்டது என்பதற்கு விடை காற்றின் இயற்பியலில் உள்ளது. காற்றிலிருந்து கிடைக்கும் திறன் அதன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுகிறது. அதாவது, வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று ஒரு சதுர மீட்டர்ப் பரப்பில் ஏறத்தாழ 600 வாட் திறனைச் சுமந்து வருமாயின், அதே காற்றின் வேகம் பாதியாகும்போது திறன் பாதியாகக் குறைவதில்லை. எட்டில் ஒரு பங்காக, 75 வாட்டாகச் சுருங்கிவிடுகிறது. அதிலும் முழுவதையும் எந்த இயந்திரத்தாலும் பறித்துக்கொள்ள இயலாது. இறக்கைகளைக் கடந்த காற்று தொடர்ந்து விலகிச் சென்றால்தான் பின்னால் வரும் காற்றுக்கு இடம் கிடைக்கும் என்பதால், 59.3 விழுக்காடே எட்டக்கூடிய உச்சம் என்று ஜெர்மானிய இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் நிறுவினார். இந்த மும்மடி விதியின் விளைவாகவே, மே முதல் செப்டம்பர் வரை வெள்ளமாகப் பாயும் காற்றாலை மின்சாரம் பிற மாதங்களில் ஓடையாக வற்றிவிடுகிறது. நூற்பாலையோ ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே சீராக மின்சாரம் கேட்பது. இவ்விரண்டுக்கும் இடையிலான இடைவெளியை நிரப்பும் வழி இல்லாதிருந்தால், எந்த ஆலை நிறுவனமும் காற்றாலையில் முதலீடு செய்ய முன்வந்திருக்காது.

அவ்வகையில் பேங்கிங் முறையின் பயனைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையாகாது. அரசு பெருமுதலீடு செய்யாமலே, நடுத்தர ஆலைகளின் சேமிப்பைக் கொண்டு, பல ஆண்டுகள் இந்தியாவின் முதலிடத்தில் நின்ற ஒரு காற்றாலைத் தொகுதி உருவானது. அதன் நிறுவுதிறன் இன்று 10,000 மெகாவாட்டைக் கடந்துள்ளது. 2008 முதல் சில ஆண்டுகள் மாநிலத்தை வாட்டிய மின்வெட்டுக் காலத்தில், பருவக்காற்று தொடங்கியதும் மின்தடை நேரம் குறைந்ததை மக்கள் கண்கூடாகக் கண்டனர். இது சிறிய சாதனையன்று.

குறை தொடங்கும் இடம் வேறு. பேங்கிங் என்பது கணக்கில் மட்டுமே சேமிப்பு. ஜூலையில் உற்பத்தியான மின்சாரம் ஜூலையிலேயே எங்கோ செலவாகிவிடுகிறது. பிப்ரவரியில் ஆலைக்குத் திருப்பித் தரப்படுவது, வாரியம் அப்போது எரிக்கும் நிலக்கரியிலிருந்தோ வெளிச்சந்தையில் வாங்கும் மின்சாரத்திலிருந்தோ வருவது. உண்மையான சேமிப்புக்கு என்ன விலை என்பதை, வால்பாறை மலைப்பகுதியில் 1980-களின் இறுதியிலிருந்து இயங்கும் 400 மெகாவாட் காடம்பாறை நீரேற்று மின்நிலையம் காட்டுகிறது. மின்சாரம் மிகுந்த நேரத்தில் கீழ்நீர்த்தேக்கத்து நீரை மேலே ஏற்றி, தேவை மிகுந்த நேரத்தில் அதை இறக்கி மின்சாரம் எடுப்பது இதன் முறை. இவ்வகை நிலையங்களில் ஏற்றும்போதும் இறக்கும்போதும் சேர்த்து, செலுத்திய ஆற்றலில் 20 முதல் 30 விழுக்காடு வரை இழப்பாகிவிடுகிறது. அணையும் சுரங்கமும் இயந்திரமும் கொண்டு சில மணி நேரம் சேமிப்பதற்கே இவ்வளவு இழப்பு நேரும்போது, பல மாதச் சேமிப்பை 14 விழுக்காட்டுக் கழிவுக்குப் பெறுவது சலுகையே என்பதில் ஐயமில்லை.

தை அறுவடையில் களத்துமேட்டில் கொடுத்த ஒரு மூட்டை நெல்லுக்கு ஈடாக, நெல் அருகிய ஆடியில் ஒரு மூட்டையைக் கேட்பது போன்றது இந்தப் பரிமாற்றம். அளவு ஒன்றே, மதிப்பு ஒன்றன்று. அந்த மதிப்பு வேறுபாட்டை வாரியம் சுமக்கிறது; வாரியத்தின் சுமை இறுதியில் பிற நுகர்வோரின் கட்டணத்திலோ அரசின் மானியத்திலோ சென்று சேர்கிறது. எனினும், இதனை முழு நட்டமாகக் காட்டும் வாரியத்தரப்பு வாதமும் நிறைவானதன்று. ஜூலையில் வந்து சேரும் ஒவ்வொரு காற்றாலை யூனிட்டும் அனல் மின்நிலையங்களில் நிலக்கரியை மிச்சப்படுத்துகிறது. அணைகளில் நீரை இறக்காமல் வைத்திருக்க இடம் தருகிறது. அந்த ஆதாயத்தை வரவில் எழுதாமல் மார்ச் மாதச் செலவை மட்டும் எழுதுவது முறையான கணக்காகாது.

இம்முறையின் மிகப் பெரிய கேடு பணத்தில் இல்லை. அது நிலத்தில் இருக்கிறது. 2018 மார்ச் மாதத்திற்குப் பின் நிறுவப்பட்ட காற்றாலைகளுக்கு ஓராண்டு பேங்கிங் வசதி நிறுத்தப்பட்டமையால், அவ்வுரிமை பழைய இயந்திரங்களோடு ஒட்டிக்கொண்ட சொத்தாக மாறிவிட்டது. மாநிலத்திலேயே காற்று வளம் மிகுந்த இடங்களில் நிற்பவையோ 1990-களின் 225, 250 கிலோவாட் இயந்திரங்கள். அவற்றின் கோபுரம் ஏறத்தாழ 30 மீட்டர் உயரம், இறக்கைகள் சுழலும் வட்டத்தின் விட்டமும் ஏறத்தாழ அவ்வளவே. தரைமட்டத்திலிருந்து உயரச் செல்லச் செல்லக் காற்றின் வேகம் கூடும். திறந்தவெளிக்கு வழக்கமாகக் கொள்ளப்படும் கணக்கின்படி, கோபுரத்தை 120 மீட்டருக்கு உயர்த்தினால் வேகம் ஏறத்தாழ 22 விழுக்காடு கூடுகிறது; மும்மடி விதியால் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் கிடைக்கும் திறன் ஏறத்தாழ 80 விழுக்காடு கூடிவிடுகிறது. விட்டமும் நான்கு மடங்கானால் காற்றைப் பிடிக்கும் பரப்பு பதினாறு மடங்காகிறது. பழைய இயந்திரங்களில் பல, தம் மின்காந்தப் புலத்தை நிலைநிறுத்தத் தேவையான ரியாக்டிவ் பவரைத் தொகுப்பிலிருந்தே இழுத்துக்கொள்பவை; இதனால் மின்பாதைகளின் மின்னழுத்தமும் தளர்கிறது. சுருங்கச் சொன்னால், நல்ல காற்று வீசும் நிலம் எளிய இயந்திரங்களிடம் சிக்கிக் கிடக்கிறது.

பழையதைக் கழற்றிப் புதியதை நிறுவும் ரீபவரிங் முறைக்கு மத்திய அரசு 2016-இலும் தமிழ்நாடு அரசு 2024-இலும் கொள்கை வகுத்தன. ஆனால் கழற்றியவுடன் பேங்கிங் உரிமையும் கைநழுவுமோ என்ற அச்சம் உரிமையாளர்களைத் தயங்கச் செய்கிறது. ஒரு பெரிய காற்றாலைக்கு வேண்டிய இடைவெளிக்குள் நான்கைந்து பேருக்குச் சொந்தமான சிறிய இயந்திரங்கள் நிற்பதும், அவர்களிடையே உடன்பாடு காண்பது எளிதல்ல என்பதும் அத்தயக்கத்திற்கு வலுச்சேர்க்கின்றன. கொள்கை வகுப்போர் இந்தத் தயக்கத்தைப் பேராசை என ஒதுக்கிவிடுவது பிழை. உறுதியான வாக்குறுதியை நம்பி முதலிட்டவர்களிடம் அதைக் கைவிடச் சொல்லும்போது, ஈடாக எதையேனும் தரவேண்டும்.

மத்திய அரசின் 2022-ஆம் ஆண்டுப் பசுமை ஆற்றல் விதிகள் மாதக் கணக்கிலான பேங்கிங்கை நாடு முழுமைக்கும் அடிப்படையாக வைத்துள்ளன. நாள்தோறும் ஒரே சீராகக் கிடைக்கும் சூரிய மின்சாரத்திற்கு அது பொருந்தலாம். பருவத்தால் ஏறி இறங்கும் தமிழ்நாட்டுக் காற்றுக்கு அது பொருந்தாது. ஓராண்டுக் கால அளவை வைத்துக்கொண்டு, ஒரே விழுக்காட்டுக் கழிவை நீக்கி, செலுத்திய மாதத்தின் சந்தை மதிப்புக்கும் திரும்பப் பெறும் மாதத்தின் சந்தை மதிப்புக்கும் உள்ள வேறுபாட்டைக் கழிவாக்குவதே நேர்மையான வழி. பழைய இயந்திரத்தைப் பெயர்த்துப் புதியதை நிறுவுவோருக்கு, பழைய இயந்திரம் தந்துவந்த அளவு யூனிட்டுகளுக்கு மட்டும் இன்றைய சலுகையைக் குறிப்பிட்ட ஆண்டுகள் தொடரலாம். கூடுதலாக விளைவதைப் புதிய விதிக்கு உட்படுத்தலாம். இதனால் வாரியத்தின் சுமை இன்றிருப்பதைவிட அதிகரிக்காது, உரிமையாளருக்கும் இழப்பில்லை.

இச்சுமையைக் குறைக்க மற்றொரு வழியும் உண்டு. சத்தீஸ்கரின் ராய்கரையும் தமிழ்நாட்டின் புகளூரையும் இணைக்கும் 800 கிலோவோல்ட் நேர்மின்னோட்டப் பாதை, வடக்கிலிருந்து 6,000 மெகாவாட் வரை கொண்டுவரவும், பருவக்காற்றுக் காலத்தில் தெற்கின் உபரியை எதிர்த்திசையில் வடக்கே அனுப்பவும் வடிவமைக்கப்பட்டது. ஜூலை மாத யூனிட்டுக்கு அன்றே வடக்கில் வாங்குவோர் கிடைத்தால், அதை மார்ச் வரை கணக்கில் சுமக்க வேண்டிய தேவையே பெருமளவு குறைந்துவிடும். பேங்கிங் பற்றிய விதிகளைத் திருத்தும்போது இப்பாதையின் பயன்பாட்டையும் ஒரே கணக்கில் வைத்து ஆராய வேண்டியிருப்பது அதனால்தான்.