கேள்விவழி வந்த இந்தியா: சாதிக் ஹெதாயத்தின் ‘குருட்டு ஆந்தை’

முன்னுரை

பாரசீக இலக்கியம் என்றவுடன் தமிழ் வாசகர்தம் நினைவுக்கு வருபவர் உமர் கய்யாம். நவீனப் பாரசீகப் புனைகதையின் முன்னோடிகளுள் ஒருவரான சாதிக் ஹெதாயத் (1903–1951) நம்மிடையே அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. எனினும், அவருக்கு உலகப் புகழ் ஈட்டித்தந்த ‘குருட்டு ஆந்தை’ என்னும் நாவல் முதன்முதலில் வெளிவந்தது இந்திய மண்ணிலேயாகும். அந்நாவலில் இந்தியா எவ்வாறு இடம்பெறுகின்றது, அதனை நம் மாணவர்க்கு எவ்வாறு கற்பிப்பது என்னும் இரு வினாக்களை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

வாழ்வும் பம்பாய்ப் பயணமும்

தெஹ்ரானில் உயர்குடியில் பிறந்த ஹெதாயத், 1926இல் உதவித்தொகை பெற்று ஐரோப்பா சென்றார். பெல்ஜியத்திலும் பிரான்சிலும் பயின்று, பட்டம் பெறாமலே 1930இல் தாயகம் திரும்பினார். ‘உயிருடன் புதைக்கப்பட்டவன்’ (1930), ‘மூன்று துளி இரத்தம்’ (1932) ஆகிய சிறுகதைத் தொகுதிகளை வெளியிட்டதோடு, மக்களின் நம்பிக்கைகளையும் வழக்காறுகளையும் தொகுத்தார். ரேசா ஷா ஆட்சியின் தணிக்கை நிலவிய காலம் அது. 1936இல் பம்பாய் வந்த அவர், பார்சி அறிஞர் பஹ்ராம்கோர் அங்க்லேசரியாவிடம் பண்டைய பஹ்லவி மொழியைக் கற்றார். அங்கேதான் ‘குருட்டு ஆந்தை’ ஏறத்தாழ 50 படிகள் மட்டும் எடுக்கப்பட்டது. ஈரானில் விற்பதற்கன்று என்னும் குறிப்பும் அதில் இடம்பெற்றது. 1941இல் ஷா பதவி துறந்த பின்னரே அது தெஹ்ரான் நாளிதழொன்றில் தொடராக வந்தது. 1951 ஏப்ரலில் ஹெதாயத் பாரிஸ் நகரில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அம்முடிவைக் கொண்டே நாவலுக்குப் பொருள் காண்பது திறனாய்வாளர் சிலரின் வழக்கம். அந்நோக்கு நாவலின் இந்தியக் கூறினை மறைத்துவிடுகின்றது என்பது நம் கருத்து.

நாவலில் இந்தியா

கதைசொல்லி எழுதுகோற் பெட்டிகளின் மீது ஓவியம் தீட்டுபவன். ஒரே காட்சியையே மீண்டும் மீண்டும் வரைகிறான்: சைப்ரஸ் மரத்தடியில் இந்திய யோகியைப் போன்று கூனியமர்ந்த முதியவன், அவனுக்கு மலர் நீட்டும் கருப்பாடை மங்கை, இடையில் ஓர் ஓடை. அம்மலருக்குப் பாரசீக மூலம் தரும் பெயர் ‘நீலூஃபர்’. இது வடமொழி ‘நீலோத்பல’த்தின் வழி வந்தது, நாம் நீலோற்பலம் என்றும் குவளை என்றும் வழங்குவதும் அதனையே. அப்பெட்டிகளைக் கதைசொல்லியின் சிற்றப்பா இந்தியாவில் விற்றுப் பணம் அனுப்புகிறார். ஓவியனின் படைப்பு இந்தியாவில் விலைபோவதும், அவனைப் படைத்தவரின் நூல் இந்தியாவில் உருப்பெறுவதும் ஒப்புநோக்கத்தக்கன.

கதைசொல்லியின் தாய் காசியில் இலிங்கக் கோயிலொன்றில் ஆடிய பூகம் தாசி. வணிகத்தின் பொருட்டு அங்குச் சென்ற தந்தையும் அவருடைய இரட்டைச் சகோதரரும் அவள்பால் மனம் இழக்கின்றனர். இருளறையில் நாகத்துடன் இருவரும் அடைக்கப்படுகின்றனர். தலை நரைத்து மனம் பேதலித்து ஒருவர் மட்டுமே மீள்கிறார். மீண்டவர் தந்தையா, சிற்றப்பாவா என்பது இறுதிவரை தெளிவுறுவதில்லை.

1936இன் இரு தாசிகள்

பூகம் தாசி அச்சோதனையை முன்மொழிபவள், ஆடுபவள், மகனுக்கு நஞ்சு கலந்த மதுவை விட்டுச்செல்பவள். அவள் ஏன் கோயிலுக்கு வந்தாள், என்ன எண்ணினாள் என்பவற்றை நாவல் கூறுவதில்லை. ஹெதாயத் வந்திறங்கிய பம்பாய் மாகாணத்தில் 1934இலேயே தேவதாசிப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியிருந்தது. 1936இல் தமிழகத்தில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ வெளிவந்தது. தாசிக் குலச் சூழலில் வளர்ந்த அம்மையாரின் நாவலில் தாசிகள் பேசுகின்றனர், வாதிடுகின்றனர், அம்முறையை ஒழிக்க முனைகின்றனர். கலைத்திறத்தால் இரண்டும் ஒத்தவையல்ல. ஆயினும், ஹெதாயத்தின் நாவலில் கனவுப் படிமமாக நின்றவள் அம்மையாரின் நாவலில் தன் வழக்கைத் தானே உரைக்கிறாள்.

இதனால் ஹெதாயத் இந்தியாவை இழிவுபடுத்தினார் என முடிவுகட்டுதல் பொருந்தாது. தாய் தந்தையரைப் பற்றிப் பல கதைகள் கேட்டிருப்பதாகவும், செவிலி கூறிய ஒன்றே மெய்யெனத் தோன்றுவதாகவும் கதைசொல்லி உரைக்கிறான். ஆகவே அது கண்ட இந்தியா அன்று, கேட்ட இந்தியா. தன் பிறப்பின் மூலத்தை அறியவியலாதவன் அதனைக் கோயில், நாகம், நஞ்சு எனப் புனைந்துகொள்கிறான். அப்புனைவின் நோயையே நாவல் காட்டுகின்றது.

கற்பித்தலில் இதன் பயன்

வட சிலாங்கூர்த் தோட்டங்களிலிருந்து வெளியேறிய குடும்பங்கள் பல வாழும் புக்கிட் செந்தோசா போன்ற இடங்களில் இவ்வேறுபாடு நம் மாணவர்க்கு அயலானதன்று. அவர்களுள் பலர் கொள்ளுப்பாட்டனின் ஊரைக் கண்டதில்லை. பாட்டி சொன்ன கதை, கோயில் திருவிழா, திரைப்படம் ஆகியவற்றால் ஆனதே அவர்களின் இந்தியா. லயத்தில் வாழ்ந்து, பால்மரம் சீவி, செம்பனைக் குலை அறுத்த முன்னோரின் வாழ்வும் இன்று அவர்களுக்குக் கேள்விவழிச் செய்தியே. அம்முன்னோரைப் பற்றிப் பிறர் எழுதியவற்றையும் நாம் பாடமாக வைக்கிறோம். எனவே, ‘இதில் நாம் எவ்வாறு காட்டப்படுகிறோம்?’ என்பதோடு நின்றுவிடாமல், ‘இதில் பேசாதிருப்பவர் யார்? அவர் பேசும் நூல் எங்குள்ளது?’ என்றும் மாணவரை வினவச்செய்தல் வேண்டும்.

முடிவுரை

ஒப்பியல் வகுப்பில் ‘குருட்டு ஆந்தை’யையும் மூவலூராரின் நாவலையும் அருகருகே வைத்துப் பயிற்றலாம். ஒன்று, காணாத நாட்டை மனம் எவ்வாறு புனைகிறது என்பதை உணர்த்தும். மற்றொன்று, புனையப்பட்டவர் வாய்திறக்கும்போது நிகழ்வதை உணர்த்தும். பாட்டியிடம் கேட்ட கதையை எழுத அமரும் நம் மாணவனுக்கு இவ்விரு அறிவும் வேண்டப்படுவனவாம்.