யாருடைய நேரத்தில் கற்பது?

‘வாழ்நாள் கற்றல்’ என்னும் சொல்லாடலை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

சென்ற ஆண்டு எங்கள் கல்லூரியில் ஒரு கருத்தரங்கு. ‘மாறிவரும் வேலை உலகமும் வாழ்நாள் கற்றலும்’ என்று பேனர். பேச வந்த மூவரும் ஸ்கில், ரீஸ்கில், அப்ஸ்கில் என்று மாற்றி மாற்றிச் சொன்னார்கள். நடுவில் வெளியே வந்தேன். ஆபீஸ் வராந்தாவில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். வயது 45. கம்பெனியில் தானியங்கிக் கட்டிங் மெசின் இறக்கிவிட்டார்கள். கம்ப்யூட்டரில் மார்க்கர் போடத் தெரிந்தால் இரு, இல்லையென்றால் செக்கிங்குக்குப் போ என்கிறார்களாம். அங்கே கூலி பாதி. எங்கள் கல்லூரியில் அதற்கு ஒரு சான்றிதழ் படிப்பு இருப்பதைக் கேள்விப்பட்டு, அரை நாள் லீவு போட்டு வந்திருக்கிறார். வகுப்பு மத்தியானம் இரண்டிலிருந்து நாலு. அவர் வேலையோ காலை எட்டரையிலிருந்து இரவு எட்டரை; திருப்பூர் பாஷையில் ஒன்றரை ஷிப்ட்.

“ஏனுங்க சார், படிக்க மாட்டேன்னு நாஞ் சொல்லலீங்க. எப்பங்க சார் படிக்கறது? லீவு போட்டா அன்னிக்குக் கூலி போச்சுங்க. ராத்திரி வந்து உக்காந்தா தூக்கந்தான் வருமுங்க.”

உள்ளே மூன்று மணி நேரம் பேசியவர்கள் தொடாத கேள்வி இது. என்னிடமும் பதில் இல்லை. நான் அங்கே கௌரவ விரிவுரையாளன். வருடத்தில் பதினோரு மாதம்தான் சம்பளம். மாறும் உலகுக்கேற்ப மாறிக்கொண்டே இரு என்று பாடம் நடத்துகிறவனுக்கே அடுத்த ஜூனில் வேலை இருக்குமா என்று தெரியாது. ஆகவே இதை வெளியே நின்று எழுதுவதாகப் பாவனை செய்ய முடியாது.

2

‘வாழ்நாள் கற்றல்’ எப்போதும் இப்படிக் கம்பெனிப் பாஷை பேசிக்கொண்டிருக்கவில்லை. 1972இல் யுனெஸ்கோவுக்காக எட்கர் ஃபோர் தலைமையிலான குழு ஓர் அறிக்கை தந்தது. கல்வி பள்ளியோடு முடிந்துவிடக் கூடாது, வாழ்க்கை முழுவதும் அது மனிதரின் உரிமை என்பது அதன் சாரம். 2003இல் உலக வங்கி இதே சொல்லை வைத்து ஓர் அறிக்கை வெளியிட்டபோது அது ‘உலகளாவிய அறிவுப் பொருளாதார’த்திற்கான தேவையாக மாறியிருந்தது. உரிமை மெல்லக் கடமையாகிவிட்டது. வேலை போனால் தப்பு யாருடையது? கற்றுக்கொள்ளாமல் இருந்தாயே, உன்னுடையது. இப்படித் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்ளும் ஒரு தன்னிலையைக் கட்டமைப்பதுதான் இந்தச் சொல்லாடல் செய்கிற பெரிய வேலை.

1990இல் கட்டுப்பாட்டுச் சமூகங்களைப் பற்றி எழுதிய டெல்யூஸ், பள்ளியின் இடத்தை முடிவற்ற பயிற்சி பிடித்துக்கொள்ளும், தேர்வின் இடத்தைத் தொடர் கண்காணிப்பு பிடித்துக்கொள்ளும் என்று கணித்தார். தேசியக் கல்விக் கொள்கை 2020ஐ இந்த வெளிச்சத்தில் வாசித்துப் பாருங்கள். ஓராண்டு படித்துவிட்டு வெளியேறினால் சான்றிதழ், இரண்டாண்டானால் டிப்ளமோ, மூன்றாண்டானால் பட்டம். பெற்ற மதிப்புகளை ஒரு வங்கியில் போட்டுவைத்து எப்போது வேண்டுமானாலும் வந்து தொடரலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வெளியே போகிற கதவை யார் தள்ளுகிறார்கள்? வீட்டு வறுமை. திரும்பி வருகிற கதவை யார் திறப்பார்கள்? அதைப் பற்றிக் கொள்கைக்குக் கவலை இல்லை. மதிப்பெண்ணைச் சேமிக்க வங்கி உண்டு; நேரத்தைச் சேமிக்க ஒரு வங்கியும் இல்லை.

3

நேரத்தை ஒரு கோரிக்கையாக வைத்து வென்றவர்கள் இருக்கிறார்கள். 1973இல் இத்தாலிய உலோகத் தொழிலாளர்கள் தங்கள் ஊதிய ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்தைச் சேர்த்தார்கள். மூன்றாண்டுகளுக்கு 150 மணி நேரம் வரை கூலியோடு படிப்பு விடுப்பு. தொழிலாளியும் தன் ஓய்விலிருந்து அதற்கு ஈடான நேரம் தர வேண்டும். கம்பெனிப் பயிற்சிக் கூடத்தில் அல்ல, பொதுக் கல்வி நிறுவனங்களில் படித்தார்கள். சின்ன வயதில் பள்ளியை விட்டவர்கள் நடுநிலைப் பள்ளிச் சான்றிதழ் பெற்றார்கள். பல்கலைக்கழகங்களில் தொழிற்சாலை நோய்களைப் பற்றிக் கருத்தரங்குகள் நடந்தன. பின்னால் இல்லத்தரசிகளும் அந்த வகுப்புகளுக்கு வந்தார்கள்.

அடுத்த ஆண்டே, 1974இல், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஊதியத்துடன் கூடிய கல்வி விடுப்புக்கென 140ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. தொழிற்பயிற்சி மட்டுமல்ல, பொதுக் கல்வி, சமூகக் கல்வி, தொழிற்சங்கக் கல்வி எல்லாமே அதில் அடங்கும். இந்தியா அதை ஏற்றுறுதி செய்யவில்லை. நம் வாழ்நாள் கற்றல் கருத்தரங்குகளில் இந்த உடன்படிக்கையின் பெயரை ஒருமுறைகூட நான் கேட்டதில்லை.

இங்கே என்ன நடந்தது? 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் தமிழகச் சட்டப்பேரவையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் ஆளும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்த பிறகு மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. ஒரு கையால் திறன் பயிற்சித் திட்டம், மறு கையால் 12 மணி நேர வேலை. இரண்டும் ஒரே வருடத்தில், ஒரே மாநிலத்தில்.

4

நேரம் கிடைத்துவிட்டால் போதுமா? எதைக் கற்பது, யார் தீர்மானிப்பது என்ற கேள்வி அடுத்து வருகிறது. 1899இல் ஆக்ஸ்ஃபோர்டில் தொழிலாளர்களுக்காக ரஸ்கின் கல்லூரி தொடங்கப்பட்டது. 1909இல் அதன் மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்தார்கள். தங்களுக்கு ஆதரவாக இருந்த முதல்வர் டென்னிஸ் ஹெர்ட் நீக்கப்பட்டது உடனடிக் காரணம். தொழிலாளி மார்க்சியப் பொருளாதாரம் படிக்க வேண்டுமா, பல்கலைக்கழகத்தின் கனவான் கலாச்சாரத்தைப் படிக்க வேண்டுமா என்பதுதான் அடியில் இருந்த சண்டை. வெளியேறியவர்கள் மத்தியத் தொழிலாளர் கல்லூரியை நிறுவினார்கள். சுரங்க, ரயில்வேத் தொழிற்சங்கங்கள் பணம் கொடுத்தன. 1929இல் அது மூடப்பட்டது. ஆனால் 1919இலிருந்து இரண்டாண்டுகள் அங்கே படித்த சுரங்கத் தொழிலாளி அனைரின் பெவன்தான் சுகாதார அமைச்சராகி 1948இல் பிரிட்டனின் தேசிய மருத்துவச் சேவையைத் தொடங்கிவைத்தார். எந்த ‘ஸ்கில்’ பட்டியலில் இதைச் சேர்ப்பது?

நம் பக்கத்திலும் இல்லாமல் இல்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தின்போது எழுத்தோடு சேர்த்துப் பெண்கள் சைக்கிளும் கற்றார்கள். அங்கேயே கல்குவாரிப் பெண் தொழிலாளர்கள் அரசுக் குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்தினார்கள். கற்றல் அங்கே வேலைக்கு ஆள் தயாரிப்பதாக இல்லை. வேலையின் அதிகார உறவையே தொட்டது.

5

தோழர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு எரிச்சலோடு சொன்னார்: “நீங்க தத்துவம் பேசுங்க. அந்த ஆளுக்கு நாளைக்கு வேலை போகப்போகுது. அவருக்குச் சர்ட்டிபிகேட்தான் வேணும்.” நியாயம்தான். சான்றிதழை நான் கேலி செய்யவில்லை. அதை நக்கலாகப் பேச முடிவது ஏற்கெனவே பட்டம் வைத்திருக்கிற என்னைப் போன்றவர்களால்தான். ஆனால் சான்றிதழைக் கொடுப்பதற்கே கல்லூரி மாறியாக வேண்டியிருக்கிறது.

பெரிய புரட்சி எதுவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடக்கும் கம்ப்யூட்டர் லேபைத் திறக்கலாம். கம்பெனிகளுக்குப் ‘புரிந்துணர்வு ஒப்பந்தம்’ போட்டு மாணவர்களை அனுப்புகிற கல்லூரி, அதே ஒப்பந்தத்தில் வாரம் இரண்டு மணி நேரம் ஷிப்டுக்குள்ளேயே கூலியோடு படிப்பு நேரம் கொடு என்று ஒரு வரி சேர்க்கக் கேட்கலாம். கேட்கும்போது தொழிற்சங்கத்தையும் மேசைக்கு அழைக்கலாம். பாடத்திட்டத்தில் மார்க்கர் போடுவதோடு பீஸ் ரேட் எப்படிக் கணக்கிடப்படுகிறது, பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் எங்கே போகிறது என்பதும் இருக்கட்டும். இருபது வருடம் துணியைத் தொட்டுப் பார்த்தே சுருக்கம் எவ்வளவு வரும் என்று சொல்லத் தெரிந்தவரை மாணவராக மட்டும் உட்கார வைக்காமல், எங்கள் பையன்களுக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுக்க வைக்கலாம். அதற்கு மதிப்பூதியமும் கொடுக்கலாம்.

இதைத் துறைக் கூட்டத்தில் சொன்னேன். “இதெல்லாம் நம்ம வேலையா சார்?” என்றார்கள். குறிப்பேட்டில் ஏறவில்லை. கௌரவ விரிவுரையாளன் அதற்குமேல் வற்புறுத்த முடியாது. வற்புறுத்தவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கட்டிங் மாஸ்டர் அன்றைக்கு விண்ணப்பப் படிவத்தை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். திரும்ப வரவில்லை. அவர் கற்க விரும்பாதவர் என்று எங்கள் புள்ளிவிவரம் சொல்லும். அவரோடு நேரத்தைப் பகிர விரும்பாதவர்கள் யார் யார் என்பதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. அந்தக் கட்டத்தில் முதல் பெயராக எங்கள் கல்லூரியைத்தான் எழுத வேண்டியிருக்கும், இரண்டாவதாக என்னையும்.