ரூமா டாரா: சாப்பாட்டு மேசை வரைக்கும் நல்ல படம்

வழக்கமா நான் எழுதுறது சத்திரம், கல்வெட்டு, சேது பாதை சங்கதிகள். இந்த முறை ஒரு இந்தோனேசியத் திகில் படம். அதுவும் மனுசக் கறி சாப்பிடும் ஒரு குடும்பத்தைப் பற்றியது. "என்னய்யா ஆச்சு உனக்கு?" என்று கேட்பவர்கள் கடைசி வரை படிக்கவும், சம்பந்தம் இருக்கிறது. கதையை உடைத்துத்தான் பேசப் போகிறேன். படம் பார்க்கும் எண்ணம் இருந்தால் பார்த்துவிட்டு வாருங்கள்.

'ரூமா டாரா' என்றால் டாராவின் வீடு. வெளிநாடுகளில் 'மக்காபர்' என்ற பெயரில் ஓடியது. 2009-ல் எடுத்த படம். இயக்கியவர்கள் கிமோ ஸ்தாம்பூல், டிமோ சஹ்யாந்தோ இருவரும். 'மோ பிரதர்ஸ்' என்று சேர்த்துப் போட்டுக்கொள்வார்கள். முதலில் 'டாரா' என்று ஒரு குறும்படம் எடுத்து, அதைத்தான் பிறகு முழுப் படமாக இழுத்தார்கள். டாராவாக நடித்த ஷரீஃபா டானிஷுக்குத் தென்கொரியாவின் புச்சான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருது கிடைத்தது. மலேசியாவில் படத்துக்குத் தடை.

கதை சின்னது. புதுத் தம்பதி, மனைவி நிறைமாசக் கர்ப்பிணி. நண்பர்கள் மூன்று பேர், கணவனின் தங்கச்சி ஒருத்தி. எல்லோரும் பாண்டுங்கிலிருந்து ஜகார்த்தாவுக்கு ஒரே வண்டியில் கிளம்புகிறார்கள். வழியில் மழையில் ஒரு பெண், "என்னைக் கொள்ளையடிச்சுட்டாங்க" என்று நிற்கிறாள். பாவப்பட்டு அவளை வீட்டில் கொண்டுபோய் விடுகிறார்கள். அவளுடைய அம்மாதான் டாரா. "இவ்வளவு உதவி செஞ்சிருக்கீங்க, சாப்பிடாமப் போகக் கூடாது" என்று உட்கார வைக்கிறாள். அவ்வளவுதான். அந்த வீட்டில் விருந்தாளிகள்தான் கறி.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். டாரா கத்துவதே இல்லை. தலையை லேசாகச் சாய்த்து, தாழ்ந்த குரலில், ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைக்கிறாள். கர்ப்பிணிமேல் தனி அக்கறை. நம்ம ஊரில் ஒரு பெரிய வீட்டு அம்மா பந்தி விசாரிக்கிற அதே தோரணை. பயமே அங்கேதான் இருக்கிறது. சாப்பிட மாட்டேன் என்று சொல்வது மரியாதைக் குறைவு, அதனால் சாப்பிடுகிறார்கள். மரியாதையே பொறியாக மாறுகிறது. இயக்குநர்கள் இதைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள்.

அப்புறம்தான் சிக்கல். மயக்கம் தெளிந்ததும் படம் விருந்தை மறந்துபோகிறது. அரிவாள், அம்பு, ரத்தம், ஓட்டம். இடையில் போலீஸ் வருகிறது, அவர்களும் சாகிறார்கள். கடைசியில் டாரா கையில் சங்கிலி ரம்பம். 1974-ல் வந்த 'டெக்சாஸ் செயின்சா மாசக்கர்' படத்துக்குக் கும்பிடு போடுகிறார்கள், தெரிகிறது. ஆனால் அதுவரை ஜாவாவின் ஒரு வீட்டில் இருந்த நான், அந்த நிமிடத்தில் எந்த நாட்டில் இருக்கிறேன் என்றே தெரியாமல் போனது.

அதைவிடப் பெரிய குறை, காரணம் சொல்வது. இந்தக் குடும்பம் மனுசக் கறி தின்று சாவில்லாமல் வாழ்கிறதாம். பழைய புகைப்படங்கள் வழியாக அதைக் காட்டுகிறார்கள். அதைக் கேட்டதும் எனக்குப் பயம் போய்விட்டது. அப்படியானால் இவர்கள் நம்மைப் போன்ற மனிதர்கள் இல்லை, வேறு ஏதோ ஜந்துக்கள். பிறகு நமக்கென்ன கவலை?

இதே விஷயத்தை நம்மிடம் ஒருவர் 900 ஆண்டுகளுக்கு முன்பே கையாண்டிருக்கிறார். பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்லும் சிறுத்தொண்டர் கதை. அடியார் ஒருவருக்குச் சோறு போடாமல் தான் சாப்பிடுவதில்லை என்று விரதம். வந்த அடியார் பிள்ளைக்கறி கேட்கிறார். ஒரே பிள்ளை, பெற்றோர் மனம் உவந்து தர வேண்டும். பள்ளிக்கூடத்திலிருந்து சீராளனை அழைத்து வந்து சமைக்கிறார்கள். எனக்கு இன்றைக்கும் தூக்கிவாரிப் போடுவது அந்த இடம் இல்லை. இலை போட்ட பிறகு விருந்தாளி, "உன் பிள்ளையைக் கூப்பிடு, சேர்ந்து சாப்பிடலாம்" என்கிறாரே, அந்த இடம். வாசலுக்குப் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். பிள்ளை ஓடி வருகிறான், புராணம் சுபமாக முடிகிறது. திருச்செங்காட்டங்குடியில் சித்திரைப் பரணியில் அமுது படையல் இன்றும் நடக்கிறது.

பக்தியாகப் படிப்பவர்கள் அப்படியே படிக்கட்டும். எனக்கு அது விருந்தோம்பல் என்ற விதிக்கு வைத்த சோதனையாகவும் தெரிகிறது. எங்கள் தொழிலில் ஒரு மென்பொருளை அது உடையும் வரை அழுத்திப் பார்ப்போம், ஸ்ட்ரெஸ் டெஸ்ட் என்போம். 'வந்தவருக்கு இல்லை என்று சொல்லாதே' என்ற விதியைச் சேக்கிழார் அப்படி அழுத்துகிறார். கதையில் யாரும் ஜந்து இல்லை. எல்லோரும் நல்லவர்கள். அதனால்தான் கை நடுங்குகிறது.

இப்போதைய இந்தியப் படம் ஒன்றும் இருக்கிறது. 2019-ல் பாஸ்கர் ஹசாரிகா எடுத்த அசாமியப் படம் 'ஆமிஸ்'. பெயருக்கு இறைச்சி என்று பொருள். வடகிழக்கின் இறைச்சி உணவுப் பழக்கங்களை ஆராயும் ஒரு மாணவன், திருமணமான ஒரு பெண் மருத்துவர். தொட்டுக்கொள்ளாத காதல். விதவிதமான கறி சாப்பிட்டுச் சாப்பிட்டு, கடைசியில் அவன் தன் சதையையே சமைத்துக் கொடுக்கிறான். அதுவும் முடிவில் கொலை, கைது என்று அவசரப்படுகிறது. ஆனால் கறியைத் தட்டிலிருந்து இறக்கவே இல்லை. கொடுப்பதும் சாப்பிடுவதும் அன்பாகவே இருக்கிறது. 'ரூமா டாரா' தவறவிட்டது இதைத்தான்.

இனி நம்ம ஊர். தொண்டியிலிருந்து தேவிபட்டினம், உச்சிப்புளி, மண்டபம் என்று இந்தக் கடற்கரையே வழிப்போக்கனுக்குச் சோறு போட்ட பாதை. 1914-ல் பாம்பன் ரயில் பாலம் வரும் வரை கடலைத் தாண்டப் படகுதான். காசியிலிருந்து நடந்து வந்தவன் எங்கே சாப்பிட்டிருப்பான்? தங்கச்சிமடம், அக்காள்மடம் என்று ஊர்ப் பெயரிலேயே மடம் இருக்கிறது. முகம் தெரியாதவன் சமைத்ததை முகம் தெரியாதவன் நம்பிச் சாப்பிட்டான். அந்த நம்பிக்கை இல்லாமல் சேது யாத்திரையே இல்லை.

படம் பார்த்த அடுத்த வாரம் திருப்பாலைக்குடிப் பக்கம் ஒரு பழைய கிணற்றைப் பார்க்கப் போனேன். மத்தியானம், நல்ல வெயில். ஒரு பாட்டி, "வாங்க தம்பி, ஒரு வாய் சாப்ட்டுப் போங்க" என்றார். ஒரு நொடி தயங்கினேன். பாட்டி அதைக் கவனித்துவிட்டார். "மீன் ஆகாதோ?" என்று கேட்டார். வெட்கமாகப் போய்விட்டது.

அந்த ஒரு நொடியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2018 மே மாதம் பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருப்பதாக வாட்ஸப்பில் வதந்தி ஓடியது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு குடும்பம் வழி கேட்க வண்டியை நிறுத்தியது. பிள்ளைகளுக்கு சாக்லேட் கொடுத்தார்கள். ஊர் கூடி அடித்ததில் அந்த வயதான அம்மா இறந்துபோனார். அந்நியர் கையால் தின்பண்டம் என்றால் ஆபத்து, இதுதான் அந்தக் கூட்டத்தின் தலையில் ஓடிய கதை.

டாராதான் இதற்குக் காரணம் என்று சொல்ல வரவில்லை. அந்தக் கூட்டத்தில் யாரும் இந்தோனேசியப் படம் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் இந்த வகைப் படங்களின் அடியில் ஒரே பாடம் ஓடுகிறது: மழையில் நிற்பவளுக்கு வண்டியை நிறுத்தாதே, கூப்பிட்ட வீட்டில் சாப்பிடாதே. நல்ல படம் என்றால் அந்தப் பயத்தைக் கிளப்பிவிட்டு, 'இதே விருந்து நம் வீட்டில் எப்படி இருக்கிறது?' என்று நம்மையும் கேட்க வேண்டும். சேக்கிழார் கேட்கிறார். ஹசாரிகா கேட்கிறார். மோ பிரதர்ஸ் பாதி வரை கேட்டுவிட்டு ரம்பத்தை எடுத்துவிட்டார்கள்.

பார்க்கலாமா? ரத்தம் பார்த்தால் தலைசுற்றும் என்பவர்கள் வேண்டாம். மற்றவர்கள் ஷரீஃபா டானிஷுக்காகப் பார்க்கலாம். சாப்பாட்டு மேசைக் காட்சியை இரண்டு தடவை பார்த்தாலும் தப்பில்லை.

பாட்டி வீட்டில் அன்றைக்குச் சூடை மீன் குழம்பு. இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.