பெரகலை ஏற்றத்தில் இரண்டு ஹொண்டாக்கள்

பலாங்கொடையில் கொஞ்சம் காசு சேர்ந்த இளைஞன் பாவித்த ஸ்போர்ட்ஸ் கார் தேடினால், பேச்சு சீக்கிரமே இரண்டு ஹொண்டாக்களில் வந்து நிற்கும். ஒன்று, தொண்ணூறுகளின் சிவிக் ஈ.கே.3 வீ.டீ.ஐ. மற்றது, 2010இல் வெளிவந்த சீ.ஆர்-ஸீ ஹைபிரிட். 2025 பெப்ரவரியில் இறக்குமதி திறந்ததை நம்பிக் காத்திருந்து பயனில்லை. மூன்று வருடத்துக்கு மேல் பழைய கார் நாட்டுக்குள் வராது, சீ.ஆர்-ஸீயின் உற்பத்தியோ 2016ஓடு முடிந்துவிட்டது. இங்கே யாரோ ஓட்டித் தேய்த்ததில்தான் பொறுக்கியெடுக்க வேண்டும்.

இரண்டையும் பெலிஹுல்ஓயா, ஹல்துமுல்லை வழியாகப் பெரகலைச் சந்தி வரை ஏற்றிப் பார்த்தேன். இரண்டும் 1.5 லீற்றர், இரண்டும் மெனுவல்.

சீ.ஆர்-ஸீ முதல் வளைவிலேயே ஆளை மயக்கிவிடுகிறது. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதே மோட்டார் தள்ளுவதால், கியரைக் குறைக்காமலே வளைவை விட்டுத் துள்ளி வெளியேறலாம். ஹல்துமுல்லைக்கு மேலே ஏற்றம் விடாமல் நீளும்போதுதான் சங்கதி தெரியும். மீட்டரில் பற்றரிக் கட்டங்கள் ஒவ்வொன்றாக அணையும். அவை தீர்ந்தபின் 1,100 கிலோவுக்கு மேற்பட்ட உடம்பை எஞ்சின் தனியாக இழுக்கிறது. இறங்கும்போது திரும்பச் சார்ஜ் ஆகும்தான். ஆனால் உதவி வேண்டியது ஏறும்போதல்லவா?

ஈ.கே.3 நேர்மாறு. கீழே சோம்பல். 130 குதிரைவலுவும் கிடைப்பது 7,000 ஆர்.பி.எம்.மில். இரண்டாம் கியரில் வைத்து மிதித்தால், ஊசி ஐயாயிரத்தைத் தாண்டி ஏற ஏற எஞ்சின் சத்தமே மாறிவிடும். நான்கு சக்கரத்துக்கும் டபிள் விஷ்போன் சஸ்பென்ஷன்; வளைவின் நடுவே குழி வந்தாலும் பின்பக்கம் தடுமாறவில்லை. சீ.ஆர்-ஸீ அதே குழியில் உதறியது. மழையில் கதை வேறு. நான் ஓட்டிய ஈ.கே.3இல் ஏ.பி.எஸ். கிடையாது. சீ.ஆர்-ஸீயில் அதுவும் உண்டு, சறுக்கலைத் தடுக்கும் வீ.எஸ்.ஏ.யும் உண்டு.

விற்பவர் டவுனுக்குள் ஒரு ரவுண்ட் காட்டி அனுப்பப் பார்ப்பார். விடாதீர்கள், மலைக்குக் கொண்டுபோங்கள். ஈ.கே.3ஐ கியரிலேயே விட்டு, அக்சிலரேட்டரைத் தொடாமல் நீளமாக இறக்கிவிட்டு, பிறகு ஒரே மிதி. பின்னால் நீலப் புகை கிளம்பினால் வால்வ் சீல் போய்விட்டது. பின்சக்கர வளைவில் காந்தம் ஒட்டவில்லையென்றால் பெயின்டுக்கு அடியில் துருவும் பட்டியும்தான். சீ.வீ.டீ. கியர் என்றால், இந்த வயதில் அந்தப் பக்கமே போக வேண்டாம். சீ.ஆர்-ஸீயில் ஏற்றத்தின்போது பற்றரிக் கட்டம் படிப்படியாக இறங்காமல் திடீரென விழுந்தால், செல்கள் களைத்துவிட்டன என்று அர்த்தம்.

நானென்றால் புகை விடாத மெனுவல் ஈ.கே.3ஐத்தான் எடுப்பேன். அதன் எஞ்சினை இங்குள்ள பாஸ்மாருக்குக் கழற்றிப் பூட்டத் தெரியும். ஹைபிரிட் பற்றரிக்கு ஆளைத் தேட வேண்டும். ஈ.கே.3இல் அம்மாவை ஏற்றிப்போகப் பின் சீட்டும் இருக்கிறது. சீ.ஆர்-ஸீயின் பின் சீட்டு பை வைக்கத்தான் சரி.

ஆனால் அவ்வளவு பழைய காருக்கு லீசிங் கேட்டால் கம்பனிக்காரர் முகம் சுளிப்பார். கையில் ரொக்கம் இல்லாதவர்கள் 2012 கடைசியில் லித்தியம் பற்றரியோடு வந்த சீ.ஆர்-ஸீயைத் தேடலாம். முந்தியதைவிட அதில் மோட்டாருக்கும் வலு கூட.